பொய் விரல்

நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்வால்ட் பிரெவோ நம்பிய ஆள் என்று ஒருவரும் கிடையாது. டிரம்பெட் வாசிக்கும்போது மூன்று பொத்தான்களும் தன் விரல்களும் தெரியாதபடி ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொள்வார். பழைய வாத்தியக்காரர்கள் சிலருக்கும் அந்தப் பழக்கம் உண்டுதான். ஆனால் அவர்கள் மேடையில் மட்டும் மூடினார்கள். இவர் வீட்டுக்குள்ளும் மூடுவார். ஜூலைப் புழுக்கத்திலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாதகம். மனைவி வெர்லீன் அடுப்படியில் சிவப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டே, திருடன் வந்தாலும் இந்த வேக்காட்டில் நிற்க மாட்டான் என்பாள்.

மனிதர் காரணமில்லாமல் பயப்படவில்லை. அந்த ஊர் வழக்கப்படி சவ அடக்கம் முடிந்து ஊர்வலம் திரும்பும்போது, துக்க வாசிப்பு ஆட்டப் பாட்டுக்குத் தாவும் இடத்தில், அவர் ஒரு திருப்பம் வாசிப்பார். சின்னஞ்சிறு துணுக்குதான், தெருவே ஆடும். அதற்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். லமார் கிட்ரி என்ற இன்னொரு டிரம்பெட்காரர் அதைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றவர். கிட்ரி கை நீட்டினால் ஆஸ்வால்ட் விரலை மடக்கிக்கொண்டுதான் கை கொடுப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் கல்லூரியில் இசை ஆசிரியர் வேலை கிடைத்தது. சிக்கலும் வந்தது. மூடிய விரலைப் பார்த்து யார் என்ன கற்பது? கைக்குட்டையை எடுங்கள், இல்லாவிட்டால் வேலையை விடுங்கள் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். ஆஸ்வால்ட் எடுத்தார். ஆனால் டிரம்பெட்டில் ஒரே ஸ்வரத்தைச் சில சமயம் வேறு விரல் வைத்தும் எடுக்கலாம். அந்தத் திருப்பத்துக்கு மட்டும் வகுப்பில் வேறு விரலைக் காட்டினார். மெதுவாக வாசித்தால் வித்தியாசம் தெரியாது. வேகம் பிடித்தால் கடைசி ஸ்வரம் சறுக்கும். மாணவர்கள் தங்கள் உதட்டைத்தான் நொந்துகொண்டார்கள். பாவி மனுஷன், இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினார்.

அவர் மகள் செலஸ்டீனும் அந்த வகுப்பில்தான் படித்தாள். மகளுக்குமா பொய் விரல்? ஆமாம். கிட்ரியின் மகனோடு அவள் நின்று பேசியதை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அது போதாதா அவருக்கு?

ஊரில் பேர்போன ஊர்வல வாத்தியக் குழுவில் ஓர் இடம் காலியானது. அதில் பெண்ணைச் சேர்த்ததே இல்லை. செலஸ்டீன் அந்த இடத்துக்காக உயிரைக் கொடுத்துச் சாதகம் செய்தாள். தேர்வு நடத்தியவர்களில் கிட்ரியும் ஒருவர். அவள் நன்றாகத்தான் வாசித்தாள். முடிவில் கிட்ரி, "உங்கப்பாவோட அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் வாசிம்மா, கேப்போம்" என்றார். பின்வரிசையில் இருந்த ஆஸ்வால்ட் நாற்காலி நுனிக்கு வந்தார். கள்ளன், வலை வீசுகிறான் என்று நினைத்தார். அவள் வாசித்துக் கடைசி ஸ்வரம் சறுக்கியபோதுதான் தான் செய்திருந்த காரியம் உறைத்தது. இடம் வேறொருவனுக்குப் போயிற்று.

காரில் ஏறியதும் சாவியைச் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். ஒருவழியாக, "அந்த விரல்... நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பான விரல்ம்மா" என்றார்.

"தெரியும்ப்பா. சரியான விரலைப் போன வருஷமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் அதை வாசிக்கல?"

"கிட்ரி மாமா என் கையையே பாத்துக்கிட்டிருந்தாரே" என்றாள் அவள். "அவர் முன்னாடி உங்களோடதை எப்படிக் காட்டுறது?"

அவள் சொன்னதில் ஏதாவது பொய் இருக்காதா என்று ஆஸ்வால்ட் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.