கடிகாரத்தோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள்

கம்ப்யூட்டர் சென்டர் தொழிலில் எனக்கு முதல் அநியாயம் செய்தவர் நைனார்பாளையம் கோதண்டம் வாத்தியார். பெயரைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. விண்ணப்பம் போடுவது, சான்றிதழ் எடுப்பது எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். என்னைப்போல் கடை வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்: கஸ்டமரும் நாமும் சேர்ந்து திரையில் பார்த்த ஒன்றை, அவர் படி இறங்கிய பிறகு பார்த்ததாக நிரூபிக்க முடியாது.

பச்சை எழுத்து

வாத்தியாரின் மகள் அரசு வேலைத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள், சாயங்காலம் வந்தார். எல்லாம் நிரப்பி அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. கீழே ஒரு நம்பர். அதைப் பிரிண்ட் போடக் கை வைத்தேன், கரண்டு போய்விட்டது. வேலை முடிந்தது சார், ரசீதை நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கமே திறக்கவில்லை. ஹால் டிக்கெட்டும் வரவில்லை.

அந்தப் பெண் அடுத்த வருடமே எழுதித் தேறி, இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அன்று வாத்தியார் என் கடை வாசலில் நின்று, நான் அனுப்பவே இல்லை, பொய் சொல்கிறேன் என்றார். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். என் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதே வாசலில் நின்று, சொன்னது தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் அன்று சொன்னது இது:

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் கையில கம்ப்யூட்டர குடுத்தா வேற இன்னா நடக்கும்?"

ஒன்றே ஒன்று

இனி திரையில் வருவதையெல்லாம் படம் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மா, கீபோர்டில் மேலே வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும் என்றார். அழுத்திவிட்டுப் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை. அது உள்ளே போய் உட்காரும், அப்புறம் பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமில் ஒட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சிரித்தார்.

சரி என்று அன்று முழுக்க வந்த அத்தனை பேருக்கும் அழுத்தினேன். கடை மூடும் முன் பெயிண்ட்டைத் திறந்து ஒட்டினால் ஒரே ஒரு படம்தான் வந்தது. கடைசியாக யாரோ கேட்டார்கள் என்று எடுத்துக் காட்டிய வெள்ளிமலை பஸ் டைம். எத்தனை தடவை ஒட்டினாலும் அதே பஸ் டைம். காலையில் மெக்கானிக்கை வரவழைத்தேன். விண்டோஸ் பட்டனையும் அதையும் சேர்த்து அழுத்தினால் திரை லேசாக மங்கித் தெளியும், ஒவ்வொரு படமும் தானாக ஃபோல்டரில் போய்ச் சேரும் என்று காட்டிக் கொடுத்தார். முதல் நாள் எடுத்ததெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"அது ஒண்ணுதாண்ணே கையில வெச்சிக்கினு இருக்கும். அடுத்தது வந்தா, இருக்கறத கீழ போட்ரும்."

லேமினேஷன்

வெள்ளிமலையிலிருந்து சின்னசாமி என்று ஒருவர் வந்தார். சாமை, தினை போடுகிறவர். மகளை ஹாஸ்டலில் சேர்க்க சாதிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பி, பரிசீலனையில் உள்ளது என்று வந்த பக்கத்தை மூலையில் தேதியும் மணியும் தெரிய முழுசாகப் படம் பிடித்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மனிதர் அதை லேமினேஷன் போட்டு ஹாஸ்டலுக்கே கொண்டுபோய்விட்டார். இது சான்றிதழ் இல்லை என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள்.

மறுபடியும் மலை இறங்கி என் கடைக்கு வந்தார். நான் பயந்துபோனேன், இன்னொரு வாத்தியார் என்று. அவர் லேமினேஷனைத் துண்டால் துடைத்து மேஜைமேல் வைத்தார். நல்லவேளை, அதற்குள் உண்மையான சான்றிதழும் வந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பழையதை வைத்துவிட்டுப் போங்கள் என்றதற்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"வரும் வரும்னு வாயால சொன்னவங்க நெறய பேருங்க. மணி போட்டுக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

ஒரு நாள் பின்னால்

ஒரு வாலிபர் வந்தார். நேற்றோடு கடைசித் தேதி முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கடிகாரத்தை நேற்றைக்குத் திருப்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்கள், சர்வர் வேலை செய்யவில்லை என்று புகார் எழுதிப் பார்க்கிறேன் என்றார். முடியாது என்றேன். நான் ஏன் கடிகாரத்தோடு படம் பிடிக்கிறேன் என்று அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வதுதான். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒரே ஒரு நாள் தள்ளுங்கண்ணே, வாத்தியாருக்கா தெரியப் போவுது?"

வாத்தியார் வந்தார்

நாலு வருடம் என் கடையைத் தாண்டி வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர், போன வருடம் ஒருநாள் உள்ளே வந்தார். அந்தக் கடை மூடியிருந்தது. பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சான்று அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கைரேகை எடுக்கும் கருவியில் அவர் விரல் விழவே இல்லை. கடைசியில் அவர் விரலை நானே பிடித்து அழுத்த வேண்டியதாயிற்று. அவர் காலண்டரைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். ஏழாவது தடவையில் ரேகை விழுந்தது. அனுப்பினேன். படமும் பிடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து முகம் வாடிப்போய் வந்து நின்றார். சான்று வரவில்லை, பென்ஷன் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். ஃபோல்டரைத் திறந்து தேடினேன். காணோம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் வந்த வழியே திரும்பிப் போயிருப்பார். படம் கிடைத்தது. பச்சை எழுத்து, நம்பர், மூலையில் தேதி, மணி நாலு இருபது. இரண்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மணியை ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அந்த நம்பரைப் பார்த்ததும் தேடி எடுத்துவிட்டார்களாம், பென்ஷன் நிற்காதாம். நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். வீட்டு வரி கட்ட வேண்டும், இதையும் மணியோடு எடுத்து வை என்றார். எடுத்தேன். எழுந்து வாசல் வரை போனவர், சரியாக அன்று நின்ற இடத்தில் நின்று திரும்பினார். நான் மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்த மாரி அன்னிக்கே ஒண்ணு புடிச்சி வெச்சிருந்தீன்னா, எனக்கு அவ்ளோ கோவம் வந்திருக்குமா?"

அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை என்றாலும், அவருடைய குடும்பத்தின் எல்லா விண்ணப்பமும் இப்போது என் கடைக்குத்தான் வருகிறது, அவர் எப்போது வந்து அதைச் சொல்வாரோ என்று கடையையும் நான் காலை ஒன்பது மணிக்கே திறந்து வைத்துவிடுகிறேன்.