ரஃபீக் மாமா பார்க்கும் பக்கம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும்போது ரஃபீக் மாமா யாருடைய முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவரின் தலைக்கு மேலே எங்கோ பார்ப்பார். ஆனால் அந்த ஆள் புருவத்தைத் தூக்கினால் போதும், விலை ஏறிவிடும். புதிதாக வருபவர்கள் அதைத் திமிர் என்பார்கள். அமீருன்னிசா மாமிக்கு வேறு குறை. "கல்யாணம் ஆனதுலேருந்து என் காதத்தான் பாக்குறாரு. ஒரு கம்மல் வாங்கித் தரணும்னு மட்டும் தோணல."

மாமா என் அம்மாவின் தம்பி. விழித்திரையின் நடுவில் நெருக்கமாக இருக்கும் கூம்பு செல்கள்தான் நமக்கு எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டுகின்றன. அவருக்குப் பிறவிக் கோளாறால் அவை சிறுவயதிலேயே அழியத் தொடங்கின. கரும்பலகையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் "நேராப் பார்றா" என்று வாத்தியார் அடிப்பார். மாமா ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். பார்க்கும் இடத்தின் நடுவில் ஓட்டை, சுற்றிலும் பார்வை. அந்தச் சுற்றுப் பார்வையில் எந்த மூலையில் விரல் அசைந்தாலும் தெரியும். அதை வைத்தே துறைமுகத்தில் பேர் வாங்கினார்.

எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். சிதம்பரத்தில் ஒரு கண் ஆராய்ச்சிக் கூடத்தில், கூம்பு செல்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டும் கேமராவில் எனக்கு வேலை. போன வருடம் மாமாவின் கண்ணைப் படம் எடுத்தவர் டாக்டர் ஜெயப்பிரகாஷ். இந்த வருடம் நான்.

ஓட்டை பெரிதாகியிருந்தால் ஏலம் விடுவதையே நிறுத்திவிடுவது என்று மாமா முடிவோடு வந்திருந்தார். "ஒரு கை கண்ணுல படாமப் போச்சுன்னா மீன் கொண்டாற அந்தோணிசாமி மாதிரி போட்டுக்காரருக்கு நஷ்டம். எனக்கு மானம் போயிடும்."

"தாடைய இதுல வைங்க மாமா. நடுவுல பச்சையா ஒரு பிளஸ் தெரியும். அதையே நேராப் பாருங்க."

"சரிங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல மாமா."

"அது எனக்குத் தெரியும். ஊர்ல அப்புடித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

படம் கலங்கலாக வந்தது. மறுபடி எடுத்தேன். அப்போதும் கண் அலைந்தது.

"நேராப் பாருங்க மாமா."

"நேராத்தாம்மா பாக்குறேன். பாத்தவொடன காணாமப் போயிடுது."

கேமராவை நிறுத்தினேன். நேராகப் பார்த்தால் பிளஸ் அந்த ஓட்டைக்குள் விழுந்துவிடும். கண் அதைத் தேடி அலையாமல் என்ன செய்யும்? இத்தனை படித்துவிட்டு, அந்த வாத்தியார் சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காக மாமாவும் அடங்கி உட்கார்ந்து முயன்றுகொண்டிருந்தார்.

"மாமா, ஏலத்துல நிக்கிற மாதிரி பாருங்க. அந்தப் பிளஸ்தான் வஞ்சிரம் கேக்க வந்திருக்குன்னு வெச்சுக்குங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

கண் சற்று மேலே ஏறி நின்றது. அதன்பின் அசையவேயில்லை.

படத்தைப் போன வருடப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். ஓட்டையின் விளிம்பில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தன. டாக்டரும் பார்த்தார். "விளிம்பு நகரல. அடுத்த வருஷம் என்னன்னு அடுத்த வருஷம் பாப்போம். இப்ப போய் ஏலம் விடுங்க."

மாமாவுக்காகத் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மீன் செனை மாதிரில்ல இருக்கு. எனக்கு இவ்ளோ மிச்சம் இருக்கா?"

"இருக்கு மாமா."

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்துக்குப் போனேன். அந்தோணிசாமியின் படகு வந்திருந்தது. பண்ருட்டியிலிருந்து வந்த புது வியாபாரி, "இவரு யாரத்தான் பாக்குறாரு?" என்றார்.

"உன்னத்தான்யா பாக்குறாரு" என்றார் அந்தோணிசாமி. "தலைய கிலையச் சொறிஞ்சிடாத. வெல ஏறிடும்."

நான் கூட்டத்துக்குப் பின்னால், கூடைகளின் ஓரமாக ஒதுங்கி நின்றேன். மாமா முகத்தைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்.

"கூடைக்கிட்ட நிக்கிற புள்ளைக்கு வழி விடுங்கப்பா. எங்கக்கா பொண்ணு. எங்கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு படம் புடிச்சவ."

கூட்டம் விலகியது. நான் முன்னால் போய் நின்றேன்.