வெற்றிச்செல்வியின் இடது கன்னம்

செப்டம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, வெற்றிச்செல்வி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வாயில் நிற்கவில்லை. இடது ஓரமாக ஒழுகிச் சேலையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு மடக்கு எடுத்தாள். அதுவும் ஒழுகியது. அடுப்படியில் நின்ற கணவன் காசிநாதன் திரும்பிப் பார்த்தான். அடுப்பை அணைத்துவிட்டு பைக்கை வெளியே தள்ளினான்.

அரியலூரில் டாக்டரம்மா அவளைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். முகத்தின் வலப்பக்கம் மட்டும் சொன்னதைக் கேட்டது. இது பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும், ஆனால் மாசக்கணக்கில் ஆகலாம் என்று விளக்கிவிட்டு மாத்திரை எழுதினார். வெற்றிச்செல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஊத முடியுமா டாக்டர்?"

"எத, அடுப்பையா?"

"கொம்புங்க," என்றான் காசிநாதன். "பிரெஞ்ச் ஹார்ன்னு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஊதுவா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். ஊதியதால் வந்த நோய் இல்லை இது என்றார். மறுபடி ஊத முடியுமா என்பதைக் காலம்தான் சொல்லும் என்றார்.

ரெட்டிபாளையத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் சீட்டுப் போடுவது வெற்றிச்செல்வியின் வேலை. அந்தச் சின்ன அறைக்கு இன்டர்நெட் கேபிள் மாட்ட வந்தவன்தான் ஜெயசீலன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூடப்பட்ட ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் ஏலத்தில் அவன் நான்கு பித்தளை ஊதுவாத்தியங்களை எடுத்திருந்தான். டிரம்பெட்டை அவனே வைத்துக்கொண்டான். டிராம்போன் அவனுடைய கூட்டாளி நல்லுசாமிக்கு, யூபோனியம் செல்லமுத்துவுக்கு. நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருந்த நாலாவதை யாரும் தொடவில்லை. மற்றதெல்லாம் வலது கையால் வாசிக்கிறது. இதற்கு மட்டும் விரல் வைக்க வேண்டியது இடது கை. கேபிள் மாட்டிக்கொண்டே இதை அவன் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெற்றிச்செல்வி இடது கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பீச்சாங்கை என்று பள்ளிக்கூடத்திலும் பந்தியிலும் ஏச்சு வாங்கிய கை அது. எழுதுவதை நிறுத்திவிட்டு, "அதக் கொண்டாந்து காட்டுங்க," என்றாள்.

முதல் சத்தம் வரவே மூன்று வாரமானது. ஒரு முழுப் பாட்டு வர எட்டு மாதம். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் நான்கு பேரும் பெரம்பலூரில், செல்லமுத்துவுடைய மச்சானின் மக்காச்சோளக் குடோனில் கூடினார்கள். செல்லமுத்து தையல்காரர். நல்லுசாமி பஸ் கண்டக்டர், ஊர் தா.பழூர். காசுக்கு ஊதுகிறவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு மணி நேரம் ஊதினால் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பேச்சில் பாதி உதட்டைப் பற்றியே இருக்கும். காரம் தின்றுவிட்டு ஊதலாமா, உதடு வெடித்தால் நெய்யா வாசலினா, வீங்கினால் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும் என்று கல்யாணப் பேச்சு போல நீளும். அது போதாமல் வாரம் முழுக்க வாட்ஸாப்பில் தொடரும்.

உதடு போன பிறகு வெற்றிச்செல்வியால் அந்தப் பேச்சைப் படிக்க முடியவில்லை. நோய் வந்த நாலாம் நாள் குரூப்பிலிருந்து வெளியேறினாள். யாரும் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலைக்குப் போகும்போது மாஸ்க் போட்டுக்கொண்டாள். கொம்பு ஊதித்தான் நரம்பு இழுத்துக்கொண்டது என்று தெருவில் பேசியது காதில் விழுந்தது. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றும் சேர்த்தே பேசினார்கள். மூன்றாவது வாரம் ஹார்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, காசிநாதனிடம் கொடுத்து ஜெயசீலனிடம் சேர்க்கச் சொன்னாள். அவன் தயங்கினான். "வூட்ல இருந்தா அதையே பாத்துக்கிட்டு கெடப்பேன்," என்றாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஜெயசீலனும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டானாம். அது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

அக்டோபர் நடுவில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நல்லுசாமியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"செல்வி, ஜெயசீலன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன் பாட்ட ஆராச்சும் ஊதணும்ல. ஒன் ஹார்ன நான்தான் எடுத்துக்கிட்டேன். மூணாவது வரியில ஒரு எடம் வழுக்கிக்கிட்டே போவுது. மொத வெரலா நடுவெரலா, ஒண்ணும் புரியல. ஊதிக் காட்டுறேன், கேட்டுட்டுச் சொல்லு."

பிறகு அந்தச் சத்தம் வந்தது. சினை மாடு கத்துகிற மாதிரி இருந்தது. வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகம்தான் சிரித்தது. மாஸ்க்குக்கு மேலேயே கையை வைத்து மூடிக்கொண்டாள். பதிலை டைப் செய்யப் பார்த்தாள். இரண்டு வரி எழுதி அழித்தாள். குற்றம் விரலில் இல்லை, உதட்டில். அதை எழுத்தில் எப்படிச் சொல்வது? நோய் வந்ததிலிருந்து காசிநாதனைத் தவிர யாரிடமும் அவள் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எடை மேடைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை வாயருகே வைத்தாள்.

"அண்ணே, வெரல் சரிதான். அந்த எடத்துல ஒரே வெரலுக்குள்ள நாலு சொரம் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஊதறதுக்கு முன்னாடி வாயால பாடிப் பாருங்க. மனசுல சொரம் நின்னாத்தான் ஒதடு அங்க போவும்."

பேசியதைப் போட்டுக் கேட்டாள். ப எல்லாம் காற்றாய்ப் போயிருந்தது. ம குழறியது. நாலு தடவை கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். வலது கண்ணைத்தான் மூட முடிந்தது.

"சரி, பாடிப் பாக்குறேன்" என்று மட்டும் பதில் வந்தது. குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வேறொரு சந்தேகம், அதற்கடுத்த நாள் இன்னொன்று. அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்தும், டீக்கடையிலிருந்தும் நல்லுசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிசியோதெரபிக்காரர் தினமும் கண்ணாடி முன்னால் ப, ம, வ சொல்லச் சொல்லியிருந்தார். கண்ணாடியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அதனால் செய்யவே இல்லை. இப்போது தன்னையறியாமல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளி கழிந்து ஒருநாள் பழைய மெசேஜையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டாள். ப உதட்டில் முட்டித் திறக்கிற சத்தம் லேசாகக் கேட்டது. அன்று சாயங்காலம் காசிநாதனிடம், "ஞாயித்துக்கெழம பெரம்பலூர் போவலாமா?" என்று கேட்டாள். வலது கையை ஹார்னின் விரிந்த வாய்க்குள் எப்படி வைப்பது என்பதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, அதற்காகத்தான் என்றாள். அவன் தலையாட்டினான்.

குடோனில் அவளைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அப்புறம் ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்கள். நல்லுசாமிக்குக் கை வைக்கும் விதத்தைக் காட்டினாள். டீ வந்தது. மாஸ்க்கைக் கழற்றி, டம்ளரை வாயின் வலது ஓரத்தில் வைத்துக் குடித்தாள். கொஞ்சம் சிந்தியது. அப்போதுதான் செல்லமுத்து வாயைத் திறந்தார். அவரும் வெற்றிச்செல்வியும் ஏறக்குறைய ஒரே வயது. இத்தனை வருஷம் பழகியும் அவருக்கு முன்பற்கள் மூன்று பொய்ப்பல் என்பது அவளுக்குத் தெரியாது. யூபோனியம் பழக ஆரம்பித்த முதல் வருஷமே மொபெட்டிலிருந்து விழுந்ததில் போனதாம். அதற்கப்புறம் ஏழு மாதம் அவர் ஊதுகிற மாதிரி பாவனை மட்டும்தான் செய்துகொண்டிருந்தாராம்.

"பக்கத்துலதான ஒக்காந்திருந்தோம், எங்களுக்கே தெரியலையே," என்றான் ஜெயசீலன்.

"நீங்க போட்ட சத்தத்துல எங்க தெரியும்." செல்லமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "செல்வி, நான் ஏழு மாசமும் பழைய வாயத் தேடிக்கிட்டே இருந்தேன். அது கெடைக்கல. இருக்குற வாய வச்சி ஆரம்பிச்ச பொறவுதான் சத்தம் வந்துச்சு."

வெற்றிச்செல்வி ஹார்னை மடியில் சாய்த்தாள். வழக்கமாக உள்ளே போகும் வலது கையை வெளியே எடுத்து, அதன் விரலால் இடது கன்னத்து ஓரத்தை அழுத்திப் பிடித்தாள். ஊதினாள். காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் காற்று. நாலாவதில், தாழ்ந்த சுரம் ஒன்று, கரகரவென்று, ஒரு மூச்சு நீளத்துக்கு வந்து நின்றது. காலிக் குடோன் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. காசிநாதன் வெளியே பைக்கைத் துடைக்கப் போய்விட்டான்.

"நான் ஊதறத விட நல்லாருக்கு," என்றார் நல்லுசாமி. அதில் கேலி இல்லை.

டிசம்பரில் இடது கண்ணை மூட முடிந்தது. அப்புறம் புருவம் அசைந்தது. கன்னத்தைப் பிடிக்காமல் ஆறு சுரம், எட்டுச் சுரம் என்று வந்தன. உச்சத்துச் சுரங்கள் மட்டும் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் மக்காச்சோளம் வந்து குடோன் நிறைந்துவிட, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகினார்கள். கல்யாணப் பாட்டில் உயரமான இடத்தை டிரம்பெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான் ஜெயசீலன். முன்பென்றால் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். "வர்றத நான் ஊதுறேன், வராதத நீ ஊது," என்றாள்.

ஜனவரி கடைசியில் திருமானூர்ப் பக்கத்துக் கிராமத்து மாதா கோயிலில் கல்யாணம். பெண் நடந்து வரும்போது நான்கு பேரும் ஊதினார்கள். உயரமான இடம் வந்ததும் வெற்றிச்செல்வி ஹார்னை இறக்கினாள். எட்டு எண்ணினாள். டிரம்பெட் மேலே ஏறி இறங்க, அதன் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பித் திரும்பி அவளையே பார்த்தார். அவருக்கு நோய் விஷயம் ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு கொம்பை முதல் தடவையாகப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் நல்லுசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாளாக மனசில் கிடந்ததை வெற்றிச்செல்வி கேட்டாள்.

"அண்ணே, என்னையப் பேச வைக்கத்தான அப்படி மெசேஜ் போட்டீங்க?"

நல்லுசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இல்ல தாயி. அவ்வளவு மூளையெல்லாம் எனக்கு இல்ல. நெசமாவே தெரியாமதான் கேட்டேன். இப்பவும் அந்த மூணாவது வரி எனக்கு வரல."

அவளுக்கு அதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது.

டிராம்போனுக்குத் திரும்பிவிட்டாலும் நல்லுசாமிக்கு ஹார்ன் மேல் ஆசை விழுந்துவிட்டது. திருச்சியில் ஒருவரிடம் பழையது ஒன்று இருக்கிறது, வால்வு இறுகிக் கிடக்கிறது என்று ஜெயசீலன் விசாரித்து வந்தான். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் பெரம்பலூரில் பஸ் ஏறினார்கள். இரண்டு ஹார்ன் ஆகிவிட்டால் மேல்பாட்டு யாருக்கு, கீழ்ப்பாட்டு யாருக்கு என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டு தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டது. மேல்பாட்டு தனக்குத்தான், ஆடி மாதத்துக்குள் அந்த உச்சத்துச் சுரங்களைப் பிடித்துவிடுவேன் என்று வெற்றிச்செல்வி அடித்துச் சொன்னாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், சண்டை முடியட்டும் என்று கம்பியைப் பிடித்தபடி நின்றார்.