இரண்டு முறை வந்த சீட்டு

2003-ல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். கட்டிங், ஸ்டோர், பேக்கிங் என எல்லாப் பிரிவுக் கம்ப்யூட்டர்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் "புது ஆர்டர் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று நச்சரிக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி. நான் அதை மாற்றினேன். ஆர்டர் பதிவானதும் ஆபீஸே எல்லாருக்கும் சேதி அனுப்பும். அந்தந்தப் பிரிவில் சீட்டு அச்சாகி வேலை தொடங்கும். "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால் சேதி மறுபடி போகும். இழுத்தடித்த மேனேஜரிடம், "தப்பு வந்தா நான் பொறுப்பு சார்" என்று ஜம்பமாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

இரண்டாவது வாரம், ஒரு மதியம் கட்டிங் பிரிவுக்குப் போனேன். ஒரு மெஷின் மட்டும் ஓடவில்லை. அதை ஓட்டும் மேல்விஷாரத்துக்காரரை சூப்பர்வைசர் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. சூப்பர்வைசர் நகர்ந்ததும் என்னிடம் இரண்டு சீட்டுகளை நீட்டினார்.

"இன்னா மேடம் இது? காலைல நானூறு ஜோடி வெட்டி முடிச்சேன். இப்போ மறுபடி நானூறு வந்திருக்குது. எந்த சைஸ்ல எத்தினின்னுகூட அப்படியே இருக்குது. ரெண்டு ஆர்டர் இப்டி ஒத்துப்போயி நான் பார்த்ததே இல்ல. அதான் மெஷினை நிறுத்தி வெச்சிருக்கேன்."

சீட்டு நம்பர்கள் மட்டும் வேறு வேறு. எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் சேதி வந்த கையோடு கம்ப்யூட்டர் லைன் அறுந்து கட்டிங்கின் பதில் ஆபீஸுக்குப் போகவில்லை. மதியம் லைன் சரியானதும் அதே சேதி மறுபடி வந்திருக்கிறது. ஆர்டர் நம்பரைச் சேதியோடு அனுப்பாமல், சீட்டு அச்சாகும்போதெல்லாம் புது நம்பர் விழும்படி எழுதிய மகராசி நான்தான். வெட்டியிருந்தால் அத்தனை தோலும் வீண். வெட்டிய தோலை ஒட்டவா முடியும்? என் வேலையும் அன்றோடு போயிருக்கும்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா பேஜாராய்டும் மேடம். உங்க புரோகிராமையே தூக்கிடுவாங்க. இது வந்த பிறகுதான் நாங்க சீட்டுக்கு காத்துக் கிடக்காம வேலை செய்றோம். நீங்க சரிபண்ணுங்க, திட்டு நான் வாங்கிக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக மேனேஜரிடம் போய் என் தப்பையும் அந்த மெஷின்காரர் செய்ததையும் சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தவர், பிறகு எழுந்து கட்டிங்குக்குப் போய் அவருக்குக் கை கொடுத்தார். ஆர்டர் நம்பர் சேதியோடு போகவும், ஏற்கெனவே வந்த நம்பருக்குச் சீட்டு அச்சாகாமல் இருக்கவும் அன்றே மாற்றி எழுதினேன்.

புதிதாக வரும் பிள்ளைகள் இதே தப்பைச் செய்யும்போது இன்றும் என்னால் கத்த முடிவதில்லை. எனக்காக ஒருவர் வாய் திறக்காமல் திட்டு வாங்கினார் என்பதை மறந்தால், இந்தத் தொழிலில் நான் சாப்பிடும் சோறு எனக்குச் செரிக்காது.