குப்பியில் எழுதிய பெயர்

சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் என் கையெழுத்தில் அத்தானின் பெயர். உள்ளே இருந்தது அக்காவின் ரத்தம்.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. அக்காவின் கணவரான அத்தான் ராஜபாளையத்தில் ஒரு பேட்டரிப் பட்டறையில் ஈயம் உருக்கினார். ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்க்க, பட்டறை முதலாளி தன் ஆட்களை எங்களிடம் அனுப்பத் தொடங்கியிருந்தார். நாங்கள் எடுக்கும் ரத்தம் மெட்ராசுக்குப் போகும். முடிவு ஒட்டிய கவரில் முதலாளிக்குப் போகும், நகல் எங்கள் கோப்பில் இருக்கும். ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அளவு கூடிய ஒருவரை உலை வேலையிலிருந்து எடுத்து, பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான் அத்தான் அக்காவையும் கூட்டி வந்தார். "இவ பட்டறைப் பக்கமே வந்ததில்ல தாயி. சுத்தமான ரத்தம். இவ கையில எடுத்து என் பேரை எழுதிரு" என்றார். அக்கா ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள். "ஏட்டி, எழுதிரு. அவியளுக்கு வேற என்ன வேலை தெரியும்?" எனக்கும் அது உதவியாகத்தான் பட்டது. எழுதினேன்.

முடிவு வந்தபோது அளவு மிக அதிகமாக இருந்தது. அத்தானை உலை வேலையிலிருந்து எடுத்துப் பழைய பேட்டரி உடைக்கவிட்டார்கள். "பட்டறைக்குள்ள கால் வைக்காதவளுக்கே ஈயம் ஏறியிருக்காம். சோதனையா இது, பித்தலாட்டம்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கழற்றிப் போட்ட சட்டையை அக்கா வழக்கம்போலக் கொல்லையில் படபடவென்று உதறினாள். சாம்பல் நிறத் தூசி அவள் முகத்தைச் சுற்றிச் செத்த நேரம் நின்றது. என் சிரிப்பு அடங்கிப்போனது. கல்யாணமான நாள் முதல் தினமும் சாயந்தரம் அவள் செய்கிற வேலை அது.

அப்போதே எங்கள் நிலையத்து டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெயர் மாற்றி எழுதியது தெரிந்தால் என் வேலை போகும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஏற்கெனவே அக்காவுக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவதும் அந்த மாதம்தான் கலைந்தது. அவள் உண்டாகியிருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அழுதுகொண்டே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அக்காவையும் அத்தானையும் கூப்பிட்டு, சட்டைத் தூசியோடு ஈயம் வீட்டுக்கு வருவதை விளக்கினார். ஈயத்தால்தான் கலைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ என் உடம்பு மேல தப்பில்லையா சார்?" மாமியார் வீட்டார் அத்தனை வருஷமாக அவளை என்னென்ன சொன்னார்களோ, அதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வியில்தான் உறைத்தது.

அத்தானுக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம். அக்காவுக்கு வந்ததைவிடக் கூடுதலாக வந்தது. திருத்திய அறிக்கை முதலாளிக்குப் போனது. அக்காவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, அவள் பட்டறை ஆள் இல்லையே. அத்தான் அந்த வேலையை விட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை தன் துணியைத் தானே துவைத்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லாமலே போனது.

போன வாரம் அக்கா சர்க்கரை பார்க்க வந்தாள். யார் வந்தாலும் பெயரை அவர்கள் வாயால் கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

"பேரைச் சொல்லுக்கா."

"ஏட்டி, உனக்குத் தெரியாதாக்கும்?"

"நீ சொல்லு."

சொன்னாள். தாளில் எழுதிக் குப்பியில் ஒட்டினேன். குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என் பேருதான்" என்றாள்.