மாசியில் நட்ட முருங்கைப் போத்து

இந்த ஊரில் மாட்டுச் சாணத்தைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, மேலே பூப்படம் போட்டு, கடையில் அடுக்கி வைத்திருக்கிறான். மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. வாடை இல்லாத சாணத்தை விற்கிறவனை நம்ம மாப்பிள்ளையூரணியில் கடை போட விட்டிருப்பார்களா? ஆனாலும் வாங்கினேன். முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் அதன் உச்சி வெட்டில் சாணி உருண்டை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டின இடம் காய்ந்து, போத்து விறகாகிப்போகும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என் மேல் இருந்த ஆசை தீர்ந்துவிட்டது. தலைச்சுமையாகக் கத்தரிக்காய் விற்றவன், பிறகு தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவன் ஆனேன். கிரேக்கக் கேப்டனும் கொரியாக் கேப்டனும் நான் நுனி ஒடித்துக் காட்டின வெண்டைக்காயைத்தான் வாங்கினார்கள். அப்படிப்பட்டவனிடம் என் மகன் செல்வம், அமெரிக்காவில் இந்த ஹியூஸ்டன் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டிச் சொல்லுதான்: "அப்பா, இந்த வசந்தத்துல நீங்க போடுறது நின்னா இடம் முழுக்க உங்களுக்கு. நிக்கலன்னா புல்லு பதிக்க ஆளக் கூப்பிட்டுருவேன்." புல்! மாடும் ஆடும் இல்லாத வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, வெட்டிக் குப்பையில் போடுகிற ஊர் இது. இங்கே வந்த பிறகு எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு சாண் மண் கிடையாது. அதையும் புல்லுக்கு விட்டுக்கொடுப்பேனா?

மாசி பிறந்தது. வெயில் நம்ம ஊர் மாதிரியே முதுகில் ஏறியது. வெண்டையும் கொத்தவரையும் விதைத்தேன், கத்தரி நாற்று நட்டேன். தெரிந்த தமிழ் வீட்டில் வாங்கின முருங்கைப் போத்தை வேலியோரம் ஊன்றி, உச்சியில் சாணியை அப்பினேன். பக்கத்து வீட்டுக் கிழவன் கிளென், வேலிமேல் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் பாத்தியைக் காட்டி இடவலமாகத் தலையை ஆட்டினான். பிறகு தன் வீட்டு மொட்டை மரத்தைக் காட்டி, "பெக்கான், பெக்கான்" என்றான். மறுநாளும் இதே கூத்து. எனக்கு விளங்கிவிட்டது. அவன் மரத்து வேர் இந்தப் பக்கம் ஓடுகிறதாம், நான் தோண்டக் கூடாதாம்.

எல்லைத் தகராறில் என்னை எவன் ஜெயித்தான்? ஊரில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் முருங்கைக் கொப்பு என் சுவரைத் தாண்டி வந்தது. காய் அத்தனையும் நான் பறித்தேன். அவர் சண்டைக்கு வந்தபோது, "வேர் உம்மது அண்ணாச்சி. சுவரைத் தாண்டுனது எனக்கு. தாண்டாதன்னு கொப்புகிட்ட சொல்லி வையும்" என்றேன். தெருவே சிரித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார்.

கிளெனுக்கும் காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினேன். "மை சைடு! மை லேண்டு!" அவன் கையை விரித்துவிட்டுப் போய்விட்டான்.

"அந்த மனுசன் என்னமோ சொல்ல வாராரு. கொஞ்சம் நின்னு கேட்டா என்ன கொறஞ்சா போவீய?" என்றாள் என் மனைவி பொன்னம்மா.

"ஏளா, சும்மா கெட. கேப்டன்மாரையே பேச்சுல கவுத்தவன் நான்."

வெண்டை முளைத்து இரண்டு இலை விட்டபோது ஒரு குளிர் இறங்கியது. விடிந்து பார்த்தால் வெண்டை, கொத்தவரை, கத்தரி எல்லாம் கொதிதண்ணீர் ஊற்றினது போலக் கறுத்துச் சரிந்து கிடந்தன. செல்வம் வந்து நின்றான். "அந்தப் பெக்கான் மரம் துளிர் விட்டாத்தான் இங்க குளிர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்ன வெண்டை போடமாட்டாவ. அதத்தான்பா அவரு சொல்லிருக்காரு."

"ஒனக்குத் தெரியும்லா, மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேப்பீயளா?" என்றபடி புல்லுக்காரனுக்குப் போன் போட்டான்.

சில நாள் கழித்துக் கிளென் வேலிக்கு மேலே கையை நீட்டி என் போத்தை நகத்தால் சுரண்டினான். "ஏலே, கைய எடு!" என்று ஓடினேன். சுரண்டின இடத்தில் பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது. அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். செல்வத்தை இழுத்து வந்து அந்தப் பச்சையைக் காட்டினேன். "சரி, இது துளிர் விடுதான்னு பாப்போம்" என்று புல்லுக்காரனை நிறுத்தி வைத்தான்.

இங்கன தோட்டம் போட நினைக்கிற நம்ம ஆட்களுக்குச் சொல்லுதேன். மாசியில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி போடுங்கள், குளிர் தாங்கும். வெண்டையும் கத்தரியும் கொத்தவரையும் பெக்கான் இலை விட்ட பிறகுதான். இதைக் கிளென் கற்றுக்கொடுத்தான் என்று எழுத மாட்டேன். என் வெண்டை செத்துக் கற்றுக்கொடுத்தது.

பங்குனியில் பெக்கான் துளிர்த்தது. பின்னாலேயே என் போத்தும் துளிர்த்தது. செல்வம் புல்லுக்காரனை வர வேண்டாம் என்றான். இடம் எனக்கு. ஆனால் வெயில் கிளென் பக்கம்தான் நன்றாக விழுகிறது. முதல் கொப்பு நேரே வேலியைத் தாண்டிப்போய், அங்கே இலையை விரித்தது. நேற்று அவன் அதில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"சுவரைத் தாண்டுனது யாருக்கு?" என்றாள் பின்னால் நின்ற பொன்னம்மா.

என் பக்கம் வேரும், உச்சியில் காய்ந்த சாணி உருண்டையும் இருக்கின்றன. கீரை அவன் பக்கம்.