அறுப்பின் பண்டிகைக்கு வந்த புஸ்வாணப் பெட்டி

எங்கள் சபையில் வயல் உள்ளவர்கள் யாரும் இல்லை. டீச்சர்கள், நர்சுகள், பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான். இருந்தாலும் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுவோம். விளைச்சலின் முதல் பங்கை ஆண்டவருக்குப் படைக்கும் நாள் அது. முந்தின நாள் சாயங்காலம் விருதுநகர் மார்க்கெட்டில் சபையே நிற்கும். பூசணிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டே ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வோம். மறுநாள் பலிபீடத்துக்கு முன்னால் ஸ்டிக்கர் உரிக்காத ஆப்பிள்கள் வரிசையாக இருக்கும்.

எனக்கு இதில் எரிச்சல். பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால், போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் பிரசங்கம் என் தலையில் விழும். போன வருஷம் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு அப்படி விழுந்தபோது, "கடையில் வாங்கியதை வைத்து ஆண்டவரிடம் கணக்குக் காட்டாதீர்கள். உங்கள் கை செய்ததைக் கொண்டு வாருங்கள்" என்று விளாசித் தள்ளினேன். எல்லாரும் பாராட்டினார்கள். பண்டிகையன்று எல்லாரும் பூசணிக்காயோடு வந்தார்கள். நானும் ஒரு தார் வாழைப்பழம் வாங்கியிருந்தேன். டீச்சர் கை வேறு என்னத்தைச் செய்யும்?

ஒருத்தி மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். அச்சங்குளம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவள். அதற்கு முந்தின வருஷப் பண்டிகையின்போது கையில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று ஒரு புஸ்வாணப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவளை மறித்துவிட்டார். "உள்ள மெழுகுவர்த்தி எரியுது. பட்டாசக் கொண்டு போகலாமா? அங்கன வச்சிரும்மா." அவர் கை காட்டியது செருப்பு விடும் இடத்தை.

அவள் என்னைப் பார்த்தாள். "கை செஞ்சதக் கொண்டாங்கன்னு நீங்கதான டீச்சர் சொன்னீக? கை சரியாகி மொத மொத நான் செஞ்சது இது. கம்பெனியில காசு குடுத்து வாங்கியாந்தேன். ஆண்டவரு ஏத்துக்கிட மாட்டாரா?"

செயலாளர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் கூடியது. அந்தப் பெட்டி செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் இனி கோயில் வாசலை மிதிக்க மாட்டாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. விறுவிறுவென்று பலிபீடத்துக்குப் போய் எல்லா மெழுகுவர்த்திகளையும் ஊதி அணைத்தேன். பிறந்தநாள் கொண்டாடுவதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். போதகர் என்னைப் பார்த்தார், திரியில் எழுந்த புகையைப் பார்த்தார், பாட்டை விடாமல் பாடினார். புகை அடங்கியதும் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். தோல் சுருங்கிய அந்தக் கையால் அவள் பெட்டியைப் பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செயலாளர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். என் பிரசங்கங்களைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானமும் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது.

இந்த வருஷப் பண்டிகைக்கு அவர் பூசணிக்காய் வாங்கவில்லை. ஒரு சிவப்பு வாளி நிறைய மணலைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன சார் இது?" என்று கேட்டேன்.

"காணிக்கை. நானே அள்ளுனது" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பிறகு வாசலைப் பார்த்தார். அவள் பெட்டியோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் போய் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.